பின் சீட்டில் ஏரியா மேனேஜர்

கோவில்பட்டியை விட்டுக் கிளம்பிப் பதினைந்து நிமிடமாகியும் குற்றாலிங்கம் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. பிரிட்டோ, உன் வேலையில எனக்கு ரொம்பத் திருப்தி. இதுதான் அந்த வாக்கியம். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. எதிரே இருக்கிற அந்த அகலமான முதுகைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தால் யாரோ எழுதிக் கொடுத்த வரவேற்புரை மாதிரி இருந்தது. பைக்கை ஓட்டியவன் பிரிட்டோ. பின் சீட்டில் அவர். நடுவில் மருந்து சாம்பிள்கள் அடைத்த கறுப்புப் பை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதன் மூலை அவர் அடிவயிற்றில் இடித்தது. மாதத்தில் சில நாள் ஏரியா மேனேஜர் தனக்குக் கீழே வேலை பார்க்கிற மெடிக்கல் ரெப்போடு சேர்ந்து போய் டாக்டர்களைப் பார்க்க வேண்டும், ஜாயின்ட் ஒர்க் என்று அதற்குப் பெயர். போகிற இடமெல்லாம் ரெப்புடைய ஊர், ரெப்புடைய டாக்டர், ரெப்புடைய பைக். நாற்பத்தேழு வயதுக்காரர் ஒருவர், இருபத்தொன்பது வயதுக்காரனின் இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, பின்னால் இருக்கிற கம்பியைக் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, இவனை எப்படித் திருத்துவது என்று யோசித்தபடி போகிறார். நினைத்தபோது அவருக்கே கேவலமாக இருந்தது. அனல் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதில் இரைந்தது. சிரித்தீர்களே என்றுதான் அந்த இரைச்சல் கேட்கிறது. இல்லை, அது வெறும் காற்று. முதல் வாக்கியத்துக்கு வா. உன் வேலையில எனக்கு ரொம்பத் திருப்தி.

பாராட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்று சென்னையில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் பயிற்சி, பெரிய ஓட்டலில், குளிரில் விரல் விறைத்துப்போகிற மாதிரி ஏசி. ‘நன்றாக வேலை செய்யும், ஆனால் சமாளிக்கக் கடினமான ஊழியர்களை வழிநடத்துவது எப்படி’ என்று தலைப்பு. பயிற்சி கொடுக்க வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, அவர் பலகையில் நாலு கட்டம் போட்டு, மேலே வலது பக்கக் கட்டத்தைத் தட்டி, “உங்க பிரச்சினை இங்க இருக்கு” என்றார். முதலில் பாராட்டு. அடுத்து, நடந்த ஒரு சம்பவத்தைக் குறிப்பாகச் சொல். மூன்றாவது, அவன் சொல்வதைக் கேள். நாலாவது, இரண்டு பேருமாக ஒரு முடிவுக்கு வாருங்கள். குற்றாலிங்கம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தினசரி ரிப்போர்ட் பிந்தாமல் அனுப்பியவர் என்றுதான் அவரை மேனேஜர் ஆக்கினார்கள். விற்பனையில் என்றைக்கும் அவர் நடுவில்தான். பிரிட்டோ ரிப்போர்ட்டை வாரத்துக்கு ஒருதரம் மொத்தமாக அனுப்புவான், அதிலும் பாதி பொய். மீட்டிங்குக்கு அரை மணி பிந்தி வந்து முன் வரிசையில் உட்காருவான். ஆனால் ஏரியாவில் எட்டு ரெப்புகள் விற்கிறதில் பத்தில் நாலு பங்கு அவன் ஒருத்தன் விற்றது. போன வருஷம் விளாத்திகுளத்தில் ஒரு குழந்தைக்கு வலிப்பு மருந்து கிடைக்கவில்லை, கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. உச்சி வெயிலில் மதுரைக்குப் போய் ஒரே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அன்றிலிருந்து அந்தக் குழந்தையின் டாக்டர் வேறு கம்பெனி மருந்தை எழுதுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் போனானா, குழந்தைக்காகப் போனானா? இந்தக் கேள்வியை எத்தனை தரம் அவர் உருட்டிப் பார்த்திருக்கிறார்! குழந்தைக்காக என்று ஆகிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இருக்கட்டும். சம்பவத்தைக் குறிப்பாகச் சொல். சம்பவம்.

சம்பவம் நடந்தது போன மாதம் திருநெல்வேலியில், மாதாந்திர மீட்டிங்கில். சாப்பாட்டுக்கு முந்தி, எல்லோருக்கும் பசி வந்து யாரும் எதையும் கவனிக்காத நேரம். உலகநாதன் எழுந்து அந்த மாதக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்துமூன்று வயது, ரெப்புகளில் மூத்தவர், எல்லோருக்கும் உலகநாதண்ணாச்சி. இரண்டு வருஷமாக இடது காது மந்தம். டாக்டர் ஏதாவது கேட்டால் வலது காதைத் திருப்பி, கையைக் குவித்து, “என்ன டாக்டர்?” என்பார், சில நேரம் இரண்டுதரம் கேட்பார். அவர் பேசி முடித்து உட்காருகிற நேரத்தில் பிரிட்டோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தலையைச் சாய்த்து, கையைக் குவித்து, “என்ன டாக்டர்?” என்றான். குரல்கூட அப்படியே. இன்னொருதரம், “என்ன டாக்டர்?” சிரிப்பு வெடித்தது. முதல் சிரிப்பு யாருடையது என்பதில்தான் குற்றாலிங்கத்தின் நினைவு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. மூலையில் இருந்த தென்காசி ரெப், அந்தச் சின்னப் பையனுடையது என்று சில நாள் வைத்துக்கொள்வார். அப்படி வைத்துக்கொண்ட மறு நிமிஷமே தன் தொண்டையிலிருந்து அது கிளம்பியது, மேஜை விளிம்பைக் கையால் தட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதற்கு முந்தின மாதம் பிரிட்டோ நடித்துக் காட்டியது குற்றாலிங்கத்தை. வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் ‘அதாவது’ போடுவதை. அன்றைக்கு அறை முழுக்கச் சிரித்தது, அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதம் நான் இல்லை. அப்பாடா, நான் இல்லை. அந்த நிம்மதிதான் அப்படிச் சத்தமாக வந்தது. உலகநாதனும் சிரித்த முகமாகத்தான் இருந்தார், ஆனால் பிரிட்டோவைப் பார்க்கவில்லை. மேஜையைத் தட்டிய கையைத்தான் பார்த்தார். இல்லை, அப்படிப் பார்த்திருக்க மாட்டார். தண்ணீர் பாட்டில் இருந்தது அந்தப் பக்கம், அதைப் பார்த்திருப்பார். பதினோராவது நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. ‘சொந்தக் காரணங்களுக்காக.’ இரண்டே வரி, அதற்குக் கீழே அந்த அழகான கையெழுத்து.

அந்தக் கையெழுத்து குற்றாலிங்கத்துக்குத் தன்னுடையதைவிட நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். பாளையங்கோட்டையில் ஒரு லாட்ஜ் அறையில் மூன்று வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறார்கள், ஒரே இஸ்திரிப் பெட்டி, ஒரே ஷூ பாலிஷ். குற்றாலிங்கத்தின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் டாக்டர்களையும் பார்த்து, இவருடைய டாக்டர்களையும் பார்த்து, இவர் ரிப்போர்ட்டையும் எழுதி அனுப்பியது உலகநாதன். ஒருநாளும் ரிப்போர்ட் பிந்தாதவர்! யோசித்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் பயமாக இருக்கிறது. நேற்று மதுரையிலிருந்து ரீஜனல் மேனேஜர் பத்ரிநாத் போன் பண்ணினார். “குற்றாலிங்கம், நாளைக்கு அந்தப் பையனை உக்கார வச்சுப் பேசுங்க. பேசினதுக்கான ஃபார்மை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள போன்லயே போட்டுடுங்க. உலகநாதன் போறதுக்குக் காரணம் அவன்தான்னு நீங்க எழுதினா, எச்ஆர்ல அவர் ராஜினாமாவை நிறுத்தி வச்சு விசாரிப்பாங்க. இல்லைன்னா நாளைக்கே ஏத்துக்குவாங்க. உங்க இஷ்டம்.” கொஞ்சம் நிறுத்தி, “பிரிட்டோவை மட்டும் விட்டுடாதீங்க. அவன் போனா உங்க ஏரியாவுல என்ன இருக்கு?” என்றார். உங்க இஷ்டம். அந்த இரண்டு வார்த்தையைக் குற்றாலிங்கம் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து மென்றார். உலகநாதனின் பெண் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். ஐம்பத்துமூன்று வயதில், காது மந்தமான ஆளை, எந்தக் கம்பெனி எடுக்கும்? அது எனக்கு ஏன் தெரியவேண்டும்? எழுதிக் கொடுத்தது அவர்தானே, நான் பிடித்தா தள்ளினேன்? தள்ளவில்லை. சிரித்தேன். சிரிப்பது குற்றமென்று எந்த ஃபார்மில் இருக்கிறது? விசாரணை என்று வந்தால் எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அன்றைக்கு மேனேஜர் என்ன செய்தார் என்பது அவர்களுடைய இரண்டாவது கேள்வியாக இருக்கும். தென்காசிப் பையன் சொல்லிவிடுவான். அவனுக்குப் பொய் வராது.

எட்டயபுரமும் போய்விட்டது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசல் வெடித்துக் கிடந்தது, கண்ணுக்கு எட்டின மட்டும் வேலிக்காத்தான். இன்னும் அரை மணியில் விளாத்திகுளம் வந்துவிடும், அப்புறம் டாக்டர்களின் வாசல், கூட்டம், பேச முடியாது. பேச முடியாமல் போய்விட்டால்? நேரமில்லை சார், மூணு டாக்டரைப் பார்க்கவேண்டியிருந்தது என்று பத்ரிநாத்திடம் சொல்லலாம். ஆனால் ஃபார்ம் இருக்கிறதே. அவர் தொண்டையைச் செருமினார். “பிரிட்டோ!” காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போட்டது. “என்ன சார்?” என்று அவன் தலையைத் திருப்பிக் கேட்டான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல் உலகநாதனின் குரல்போல ஒரு கணம் இருந்தது, அவருக்கு உடம்பு கூசியது. “ஒண்ணுமில்ல, ரோட்டப் பாத்து ஓட்டு.” தனக்குப் பயம் இவனைக் கண்டு இல்லை, வேறெதையோ கண்டு என்று தோன்றியது. அதை விரட்டிக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததால் அவர் விரட்டவில்லை. அதற்குள் பிரிட்டோவே வேகத்தைக் குறைத்து, ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவைத்து நுங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மாளின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். “இறங்குங்க சார். முகம் செவந்துபோச்சு ஒங்களுக்கு. ஏதாச்சும் குடிச்சிட்டுப் போவோம்.” அவர் இறங்கியபோது கால் மரத்திருந்தது, விழப்போனவரின் முழங்கையை அவன் பிடித்துக்கொண்டான். கையை உதறுவதா, விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவனாகவே விட்டான்.

நுங்கைப் பனையோலையில் வைத்துக் கொடுத்தாள் அந்த அம்மாள். விரலிடுக்கில் சாறு வழிந்தது. குற்றாலிங்கம் ஆரம்பித்தார். “அதாவது, பிரிட்டோ, உன் வேலையில எனக்கு ரொம்ப…” அவன் நுங்கை உறிஞ்சி முடித்து, “சார், பாராட்டெல்லாம் வேண்டாம் சார். நேரா விஷயத்துக்கு வாங்க. அண்ணாச்சி விஷயந்தான?” என்றான். நாலு படியில் முதல் படி அப்படியே சரிந்தது. “ஆமாப்பா. அன்னைக்கு நீ செஞ்சது சரியில்ல. வயசான மனுசன். உடம்புல உள்ள குறைய வச்சு…” “தப்புதான் சார்.” இப்படிச் சொல்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிர்த்துப் பேசுவான், கேலி பண்ணுவான், நான் விக்கிறதப் பாருங்க சார் என்பான், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். தப்புதான் என்பதற்கு நோட்டில் ஒன்றும் இல்லை. “நான் ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன் சார்” என்றான் பிரிட்டோ. “மன்னிச்சிருங்க அண்ணாச்சி, லெட்டர வாபஸ் வாங்குங்கன்னு சொன்னேன். அக்கா காபி போட்டுக் குடுத்தாங்க. குடிச்சேன்.” குற்றாலிங்கம் கையிலிருந்த ஓலையை மடித்தார், விரித்தார். கேட்காமலிருந்தால் தேவலை. ஆனால் மூன்றாவது படி, அவன் சொல்வதைக் கேள். “என்ன சொன்னாரு?” பிரிட்டோ ரோட்டைப் பார்த்தான். “சொல்லவா சார்?” “சொல்லு.” “‘நீ எல்லாரையுந்தான் கிண்டல் பண்ணுத, ஒன்ன நான் கணக்குல எடுக்கல தம்பி’ன்னாரு. ‘குத்தாலம் சிரிச்சான் பாரு, அதான் எனக்குத் தாங்கல’ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல சார். அப்புறம் மகளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டாரு.”

குத்தாலம். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஓர் ஆள்தான். பாளையங்கோட்டை லாட்ஜில், குளியலறைக் கதவைத் தட்டி, குத்தாலம், இன்னும் எவ்வளவு நேரம்டே. இந்தப் பையனின் வாயில் அது வந்துவிட்டது. இனி அவன் வாயிலிருந்து அதை எப்படிப் பிடுங்குவது? கோபம் வந்தது, அதுவும் யார் மேலென்று தெரியாத கோபம். இவன் யார் அந்த வீட்டுக்குப் போக? நான் போகவில்லையே, நான் போகாத வீட்டுக்கு இவன் எப்படிப் போகலாம்? எட்டு நாளாக அந்தத் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அவர். இவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறான். குழந்தைக்காகத்தான் மதுரைக்குப் போயிருப்பான், சனியன். “எம்பேர எழுதிக்கிடுங்க சார்” என்றான் பிரிட்டோ. “எழுதினா அண்ணாச்சி லெட்டர நிறுத்தி விசாரிப்பாங்கன்னு தென்காசிக்காரன் சொன்னான். விசாரிக்கட்டும். நான்தான் பண்ணினேன்னு சொல்லுதேன். நீங்க சிரிச்சத நான் சொல்லப்போறதில்ல. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?” அவன் குரலில் கேலி இருக்கிறதா என்று குற்றாலிங்கம் தேடினார். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பார். இல்லை. “ஒன்ன வேலைய விட்டு அனுப்பிட்டா?” “அனுப்ப மாட்டாங்க. அனுப்பினா வேற கம்பெனி.” அது உண்மை. அவன் போவான், எட்டயபுரமும் விளாத்திகுளமும் அவன் பின்னாலேயே போகும். மிச்சம் இருப்பது ஒரு மந்தமான காதும், ஒழுங்கான ரிப்போர்ட்டும், அதற்கு மேல் ஒரு மேனேஜரும். அவரை யார் கேட்பார்கள்? “ஒன் எதிர்காலத்தயும் நான் பாக்கணும்லப்பா” என்றார். சொல்லும்போதே வாய்க்குள் துவர்த்தது. “அதாவது, அவசரப்பட்டு எதையும் எழுதிறக் கூடாது.” பிரிட்டோ அவர் முகத்தை ஒருதரம் பார்த்தான். அப்புறம் பர்ஸை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனான்.

அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் போனை எடுத்து ஃபார்மைத் திறந்தார். வெயிலில் திரை இருட்டாகத் தெரிந்தது, இடது கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டார். ஊழியருடன் பேசப்பட்டதா? ஆம். ஊழியர் தன் தவறை ஏற்றுக்கொண்டாரா? ஆம். இதுவரைக்கும் உண்மை. சக ஊழியரின் ராஜினாமாவுக்கும் இவருடைய நடத்தைக்கும் தொடர்பு உண்டா? ஆம், இல்லை, இரண்டு வட்டம். வக்கீல் மாதிரி யோசித்தார். கேள்வி என்ன? இவருடைய நடத்தைக்கும். அண்ணாச்சியே சொல்லிவிட்டார், ஒன்ன நான் கணக்குல எடுக்கலன்னு. அப்படியானால் தொடர்பு இல்லை. அட, உண்மையும் அதுதானே. பிரிட்டோ காரணமில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை, அதை எழுதுவதில் என்ன தப்பு? காரணம் யார் என்று இந்த ஃபார்ம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? கேட்கவில்லை, விடு. பாளையங்கோட்டையை நினைக்காதே. ‘இல்லை’யின் மேல் கட்டைவிரலை வைத்தார். விரலில் நுங்குச் சாறு; திரை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் கையை எடுத்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை, மணி இரண்டுதான் ஆகிறது, அஞ்சு மணிவரைக்கும் நேரமிருந்தது. அவர் விரலைப் பேண்ட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை அழுத்தினார். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. நன்றி என்று வந்தது. “முடிஞ்சுதா சார்?” பிரிட்டோ வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். “முடிஞ்சுது.” “என்ன எழுதினீங்க?” “எழுத வேண்டியத எழுதியாச்சு.” பிரிட்டோ, அவர் ஏறுவதற்கு வசதியாக வண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான்.

வண்டி கிளம்பி இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பத்ரிநாத்தாகத்தான் இருக்கும், சபாஷ் சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஒற்றைக் கையால் வெளியே எடுத்தார். உலகநாதன் என்று இருந்தது. அதற்குள்ளா ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதம் போய்விட்டது? அல்லது ஒன்றும் தெரியாமல், பையையும் சாம்பிளையும் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கக் கூப்பிடுகிறாரா? அல்லது வேறு எதுவாகவும் இருக்கலாம், மனசு மாறியிருக்கலாம், குத்தாலம், அந்தக் கடிதத்தத் திருப்பிக் குடுத்திருடே என்று சொல்வதற்காகவும் இருக்கலாம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளங்கையில் அதன் துடிப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. பிரிட்டோவுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. வேகத்தைக் குறைத்து, தலையைப் பாதி திருப்பி, “சார், போன் அடிக்கிது. ஓரமா நிறுத்தவா?” என்றான். குற்றாலிங்கம் திரையை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். “ஆபீஸ்தாம்பா” என்றார். “நிறுத்தாத. போ.”